‘டிஜிட்டல்’ என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல் போதுமா?

#1 வைகைக்கரை

வணக்கம். மொழிபெயர்ப்புதான் எனக்குத் தொழில், வீட்டிலிருந்தே செய்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான ஒரு கையேடு போன மாதம் வந்தது. 14 பக்கத்தில் ‘டிஜிட்டல்’ என்ற பெயரடை 31 இடத்தில். டிஜிட்டல் தராசு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், டிஜிட்டல் கட்டணம், டிஜிட்டல் கையொப்பம், டிஜிட்டல் நூலகம் என்று வரிசையாகப் போகிறது.

நான் சோம்பேறித்தனமாக ஒரு காரியம் செய்தேன். தேடி மாற்றும் வசதியைப் போட்டு, 31 இடத்திலும் ‘எண்ணிம’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர் சிவப்பு மையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்: “எண்ணிம வெப்பமானி என்றால் எங்கள் செவிலியருக்கே புரியவில்லை. எண்ணிமத் தராசை எந்தக் கடையில் கேட்பது?”

அவர் சொல்வது சரிதான். ஆனால் கலைச்சொல் என்றால் ஒன்றுக்கு ஒன்று என்றுதானே கற்றுக்கொண்டோம்? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

#2 சும்மாஒருவன்

டிஜிட்டல்னே போட்டுட்டுப் போங்க சார். டீக்கடையில எல்லாருக்கும் புரியுது.

#3 இயற்பியல்வாத்தியார்

புரிகிறது என்று சொல்வது சுலபம். என்ன புரிகிறது என்று கேட்டால்தான் சிக்கல். வகுப்பில் ஆண்டுதோறும் கேட்பேன், “டிஜிட்டல் என்றால் என்ன?” பாதிப் பேர் “கம்ப்யூட்டர்” என்பார்கள், மீதிப் பேர் “நம்பர் தெரிவது” என்பார்கள். இரண்டுமே மூலப் பொருள் இல்லை.

மூலம் லத்தீன் ‘டிஜிட்டஸ்’, அதாவது விரல். விரல் விட்டு எண்ணுவதால் 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கு ஆங்கிலத்தில் ‘டிஜிட்’ என்று பெயர் வந்தது. கணக்கிடும் கருவிகளைப் பிரித்துப் பேச ‘டிஜிட்டல்’ என்ற சொல்லை 1942இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ். பெல் ஆய்வகத்துக் கணிதக்காரர். 1937இல் வீட்டுச் சமையலறை மேசையில் தொலைபேசி ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) வைத்து, இரண்டு இலக்கங்களைக் கூட்டும் கருவியைச் செய்து பார்த்தவர். விட்டு விட்டு வரும் துடிப்புகளால் கணக்கிடும் கருவிகளுக்கு மற்றவர்கள் ‘பல்ஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்த, அவருக்கு அது போதவில்லை. எண்ணுவதுதானே முக்கியம் என்று ‘டிஜிட்டல்’ என்றார்.

ஆக, அடிப்படைப் பொருள் எண்ணித் தீர்க்கக்கூடிய தனித்தனிப் படிகள். இதற்கு எதிர் அனலாக், விடாமல் தொடர்ச்சியாக மாறுவது. படிக்கட்டு டிஜிட்டல், சாய்தளம் அனலாக். படிக்கட்டில் மூன்றாம் படியில் நிற்கலாம், நான்காம் படியில் நிற்கலாம், மூன்றேகாலில் நிற்க முடியாது. இதில் மின்சாரமே தேவையில்லை. மணிச்சட்டம் டிஜிட்டல் கருவி. பொறியாளர்கள் ஒரு காலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்த நழுவு சட்டம் (அளவுகோலை நகர்த்திக் கணக்குப் போடும் ‘ஸ்லைடு ரூல்’) அனலாக் கருவி. இரண்டிலும் பேட்டரி கிடையாது.

#4 சாவிகொடுத்தகடிகாரம்

வாத்தியார் சாருக்கு வணக்கம். எனக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் வேலை, 40 வருஷம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் முள் இருந்தால் அனலாக், நம்பர் இருந்தால் டிஜிட்டல் என்கிறார்கள். நானும் அப்படித்தான் பில் போடுகிறேன். ஆனால் திறந்து பார்த்தால் கதை வேறு.

பேட்டரி போட்ட முள் கடிகாரத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் துண்டு இருக்கும். நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதை ஒரு சில்லு (சிப்) இரண்டால் வகுத்துக்கொண்டே வரும், 15 தடவை. கடைசியில் நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு சின்ன மோட்டாரைத் தட்ட, முள் ஒரு படி நகரும். வகுத்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். அதாவது வயிற்றுக்குள் முழுக்க டிஜிட்டல், முகம் மட்டும் அனலாக். நம்பர் காட்டும் கடிகாரத்திலும் அதே குவார்ட்ஸ், அதே மாதிரி வகுத்தல். மோட்டாருக்குப் பதில் திரை, அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவி கொடுக்கும் பழைய ஹெச்எம்டி ஜனதா நொடிக்கு 5 தடவை ‘டிக்’ என்று வெட்டி வெட்டித்தான் நகரும். மணிக்கு 18,000. உங்கள் படிக்கட்டுக் கணக்குப்படி அதுவும் டிஜிட்டலா?

#5 இயற்பியல்வாத்தியார்

மாட்டிவிட்டீர்களே! நேர்மையாகச் சொன்னால், ஜனதாவின் ‘டிக்’ எண்ணும் வேலையைத்தான் செய்கிறது. ஆனாலும் நாம் நேரத்தைப் படிப்பது முள் நிற்கும் கோணத்தை வைத்து. அதனால் அனலாக் என்கிறோம். பொறியியலில் ‘டிஜிட்டல்’ என்றால் தகவல் எந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்வி, கடைத்தெருவில் ‘டிஜிட்டல்’ என்றால் முகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி. சொல் ஒன்று, கேட்கிற கேள்வி இரண்டு.

வைகைக்கரையின் கையேட்டில் வரும் தராசும் அப்படித்தான். தட்டுக்குக் கீழே இருக்கும் உணரி எடைக்கேற்பக் கொஞ்சம் வளையும், அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் வழவழவென்று தொடர்ச்சியானது. சுத்த அனலாக். அப்புறம்தான் ஒரு சில்லு அதை எண்ணாக்கித் திரையில் போடுகிறது. அந்தத் தராசுக்கு வயிறு அனலாக், முகம் டிஜிட்டல். முள் கடிகாரத்துக்கு நேர் எதிர்.

#6 நைட்டூட்டி

நான் செவிலியர். எங்கள் உலகில் அந்தச் சொல் இன்னும் விரலை விட்டு இறங்கவே இல்லை. ‘டிஜிட்டல் நெர்வ்’ என்றால் விரல் நரம்பு, ‘டிஜிட்டல் ஆர்ட்டரி’ என்றால் விரல் தமனி. ‘டிஜிட்டல் ரெக்டல் எக்ஸாமினேஷன்’ என்றால் மருத்துவர் கையுறை போட்டு விரலால் ஆசனவாயைப் பரிசோதிப்பது. ஒரு மருத்துவமனையில் இதை ‘டிஜிட்டல் முறை மலக்குடல் பரிசோதனை’ என்று தமிழில் அச்சடித்துச் சம்மதப் படிவமாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு தாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டு, “மிஷின் எங்கம்மா?” என்று கேட்டார். அந்த மிஷின் நம் டாக்டரின் ஆள்காட்டி விரல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் பேனாவால் திருத்தினேன்.

இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸின் மாத்திரையின் பெயரும் இதே குடும்பம். ‘டிஜிட்டாலிஸ்’ என்ற செடியிலிருந்து வந்த மருந்து அது. பூ விரலுறை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

தெர்மாமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வார்டில் யாரும் டிஜிட்டல் என்று சொல்வதில்லை. “பீப் அடிக்கிறதை எடுத்துட்டு வா” என்போம்.

#7 சும்மாஒருவன்

தாத்தா பாவம் 😂

#8 பருத்தித்துறையான்

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் என்பது உங்களுக்கு ‘மின்னணு’, எங்களுக்கு ‘இலத்திரனியல்’. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் பற்றியது. இந்த வாக்கியத்திலேயே பாருங்கோ, ‘19ஆம் இலக்கச் சட்டம்’ என்று எழுதுகிறோம். ‘இலக்கம்’ என்பது எங்களுக்கு வாயில் புழங்கும் சொல். வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், பேருந்து இலக்கம். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் எல்லாம் ‘எண்’ அல்லது ‘நம்பர்’. அதனால் ‘இலக்கமுறை’ என்று சொன்னால் எங்கட அம்மாவுக்குக் கொஞ்சமாவது பிடிபடும், உங்கட அம்மாவுக்கு ‘இலக்கு’ என்று கேட்கும்.

ஆனால் ‘எண்ணிம’ என்பதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தை ‘எண்ணிம நூலகம்’ என்றுதான் நாங்கள் குறிப்பிடுகிறோம். பழைய பத்திரிகை, சஞ்சிகை, பிரசுரம் எல்லாம் வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். எரிந்தும் தொலைந்தும் போன புத்தகங்களைப் பற்றி நினைக்கிற எங்களுக்கு அது வெறும் கலைச்சொல் இல்லை. உங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகமோ அதே மாதிரியான வேலைக்குத் ‘தமிழ் மின்னூலகம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘டிஜிட்டல் லைப்ரரி’.

#9 தேக்காமணி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தச் சண்டையே இல்லை. ‘மின்னிலக்க’ என்று ஒரு சொல்லை முடிவு செய்து, அரசாங்க அறிவிப்பு, செய்தித்தாள், வானொலி எல்லாவற்றிலும் அதையே புழங்குகிறோம். 2024 ஜூலையில் ஓர் அமைச்சின் பெயரே ‘மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு’ என்று மாறியது. பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால் ‘இலக்கவியல் அமைச்சு’. ஆரம்பத்தில் எனக்கும் ‘மின்னிலக்க’ வாயில் நுழையவில்லை, இப்போது என் பேத்தி அதைத் தவிர வேறு சொல்லமாட்டாள். சொல் நல்லதா கெட்டதா என்பதைவிட, எல்லாரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மணிச்சட்டத்தை ‘மின்னிலக்கக் கருவி’ என்று சொல்ல முடியாது. அதில் மின் எங்கே இருக்கிறது?

#10 தனித்தமிழ்த்தேனீ

தேக்காமணி ஐயா சொல்வதே சரி. ஒரு கருத்துக்கு ஒரு சொல். ஆளுக்கொரு சொல், இடத்துக்கொரு சொல் என்று விட்டதால்தான் கடைசியில் ‘டிஜிட்டல்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ‘எண்ணிம வெப்பமானி’ இன்று புரியாது, பத்தாண்டு அச்சிட்டால் புரியும். ‘பேருந்து’ முதலில் எத்தனை பேருக்குப் புரிந்தது?

#11 நைட்டூட்டி

தேனீ, காய்ச்சல் குழந்தையோடு நிற்கும் அம்மாவிடம் பத்தாண்டு பொறு என்று சொல்ல முடியாது.

#12 பிரஷ்காரன்

எல்லோரும் படித்தவர்களாகப் பேசுகிறீர்கள். என் பங்குக்கு ஒரு ‘டிஜிட்டல்’ சொல்கிறேன், இதுவரை யாரும் சொல்லவில்லை.

நான் போர்டு ஆர்ட்டிஸ்ட். சுவர் விளம்பரம், துணி பேனர், கட்-அவுட் எல்லாம் கையால் எழுதியவன். எங்கள் ஊரில் ‘டிஜிட்டல்’ என்று வெறுமனே சொன்னால் கம்ப்யூட்டரும் இல்லை, கடிகாரமும் இல்லை. பிளெக்ஸ் பேனர். “கல்யாணத்துக்கு டிஜிட்டல் வெச்சாச்சா?” “காதுகுத்துக்கு ரெண்டு டிஜிட்டல் அடிக்கச் சொல்லிட்டேன்.” “அந்த முக்குல நம்ம டிஜிட்டலக் கிழிச்சுட்டாங்க.” அரசாங்க விதிகளில்கூட ‘டிஜிட்டல் பேனர்’ என்ற பெயர் ஏறிவிட்டது. 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்தபோது, டிவியில் நாள் முழுக்க இந்தச் சொல்தான் ஓடியது.

அதில் டிஜிட்டல் என்ன இருக்கிறது என்று யோசித்தால், படம் கம்ப்யூட்டரிலிருந்து நேராக மிஷினுக்குப் போகிறது, மிஷின் மையைத் துப்புகிறது, பிளாஸ்டிக் சீட் வெளியே வருகிறது. நடுவில் நான் இல்லை. அதுதான் டிஜிட்டல். ஒரு எழுத்தின் வளைவை ஒரே இழுப்பில் கொண்டுவர எனக்கு ஆறு வருஷம் ஆனது. வாத்தியார் சார் கணக்கில் அந்த இழுப்பு அனலாக். மிஷின் அதே வளைவைப் புள்ளி புள்ளியாகப் போடுகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். யாரும் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

இப்போது நானும் பிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். ‘கையால் எழுதியது போல’ ஒரு எழுத்துரு வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

#13 வைகைக்கரை

பிரஷ்காரன் அண்ணே, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். அதிலிருந்துதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

‘டிஜிட்டல்’ தனியாக நிற்கும் சொல் இல்லை. எதை இல்லை என்கிறதோ அதிலிருந்துதான் அதற்குப் பொருள் வருகிறது. உங்கள் டிஜிட்டலுக்கு எதிர் கையெழுத்து பேனர். கடிகாரத்து டிஜிட்டலுக்கு எதிர் முள். தெர்மாமீட்டருக்கு எதிர் பாதரசம். நூலகத்துக்கு எதிர் காகிதம். கட்டணத்துக்கு எதிர் ரொக்கம். ஒவ்வொரு இடத்திலும் “டிஜிட்டல் இல்லாதது எது?” என்று கேட்டுவிட்டு, விடைக்கு ஏற்றபடி எழுதினால் என்ன?

நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்து பார்த்தேன். டிஜிட்டல் தராசு ‘எலக்ட்ரானிக் தராசு’ ஆனது, ரேஷன் கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். தெர்மாமீட்டர் ‘எண் காட்டும் தெர்மாமீட்டர்’. நூலகம் ‘மின்னூலகம்’. டிஜிட்டல் கட்டணத்தை ‘ரொக்கம் இல்லாமல் போன் வழியாகப் பணம் செலுத்துதல்’ என்று விரித்துவிட்டேன். 31இல் 22 தீர்ந்தது.

#14 முத்திரைத்தாள்

எதிர்ச்சொல் வழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘டிஜிட்டல் கையொப்பத்தில்’ அது உங்களைக் கவிழ்த்துவிடும், ஜாக்கிரதை.

எதிர் என்ன? பேனாக் கையெழுத்து. சரி, அப்படியானால் ‘மின் கையொப்பம்’ என்று போட்டுவிடுவீர்கள். சட்டத்தில் அது வேறு. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முதலில் இருந்தது ‘டிஜிட்டல் சிக்னேச்சர்’ மட்டும். அது ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்பம். இரண்டு திறவிகள் உண்டு, ஒன்று உங்களிடம் மட்டும் இருக்கும், மற்றது ஊருக்கே தெரியும். ஆவணத்தைக் கணக்குப் போட்டுச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை உங்கள் திறவியால் பூட்டுவது. ஆவணத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் பூட்டு பொருந்தாது. 2008இல் திருத்தம் கொண்டுவந்து ‘எலக்ட்ரானிக் சிக்னேச்சர்’ என்ற பெரிய வட்டத்தைப் போட்டார்கள். டிஜிட்டல் கையொப்பம் அந்த வட்டத்துக்குள் ஒரு வகை. ஆதார் வழியாக ஓடிபி போட்டுச் செய்யும் இ-சைன் இன்னொரு வகையாகப் பிறகு சேர்ந்தது.

இது என் சொந்த அனுபவமும்கூட. ஓர் அலுவலகத்தின் டெண்டருக்கு “டிஜிட்டல் கையொப்பம் இடுக” என்றிருந்தது. எங்கள் பையன் என் கையெழுத்தைப் போனில் போட்டோ எடுத்து, பிடிஎப்பில் ஒட்டி அனுப்பினான். திறந்த உடனே தள்ளுபடி. அவனைக் கேட்டால், “படம் டிஜிட்டல்தானே சித்தப்பா?” என்கிறான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. படம் டிஜிட்டல்தான், கையெழுத்தின் படம் டிஜிட்டல்தான். டிஜிட்டல் கையொப்பம் மட்டும் இல்லை.

அதனால் இந்த ஓர் இடத்தில் தேனீயின் பக்கம் நிற்கிறேன். சட்டத்தில் ஒரு கருத்துக்கு ஒரு சொல்தான். இரண்டையும் ‘மின்’ என்று போட்டால் யாராவது ஒருவருக்கு டெண்டர் போகும்.

#15 தனித்தமிழ்த்தேனீ

ஒருவராவது வந்தீர்களே. நன்றி.

#16 இலக்கணப்பூனை

ஒரு சின்னக் கவனிப்பு. எல்லோரும் இதைப் ‘பெயரடை’ என்கிறீர்கள். ஆங்கிலத்தில் பெயரடைதான், தமிழுக்கு வந்ததும் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லுக்கு ‘ஆன’ சேர்க்கிறோம், “ஸ்மார்ட்டான பையன்” என்கிறோம். “டிஜிட்டலான கடிகாரம்” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘மர நாற்காலி’ மாதிரி ‘டிஜிட்டல் கடிகாரம்’ என்று பெயரோடு பெயராக ஒட்டி நிற்கிறது. வேற்றுமை உருபும் ஏற்கிறது: “டிஜிட்டலில் எடுத்த படம்”, “டிஜிட்டலுக்கு மாறிட்டோம்”. பிரஷ்காரனின் “டிஜிட்டலக் கிழிச்சுட்டாங்க” அதற்கு உச்சம், இரண்டாம் வேற்றுமையே வந்துவிட்டது!

‘ஆன’ ஏற்காததற்குக் காரணம் உண்டு. அது தன்மையைச் சொல்வதில்லை, வகையைச் சொல்கிறது. அழகில் கூடுதல் குறைவு உண்டு. மரத்தில் கிடையாது, ஒன்று மரம், இல்லையென்றால் மரம் இல்லை. கிண்டலாக மட்டும் “மாமா இப்பல்லாம் ரொம்ப டிஜிட்டல்” என்போம்.

#17 வைகைக்கரை

பூனைக்கு நன்றி. மிச்சமிருந்த 9 இடத்தில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. இதற்கு எதிர் என்ன? நிஜக் கைது என்றால் இது பொய்க் கைதா? ‘மின்னணுக் கைது’ என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ சட்டத்தில் இருக்கிற விஷயம் போலத் தெரிகிறது.

#18 முத்திரைத்தாள்

மொழிபெயர்க்கவே மொழிபெயர்க்காதீர்கள்! அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு ஒருவன் வந்து, “உங்கள் பேரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது” என்று மிரட்டிப் பணம் பிடுங்குவதற்குத் திருடர்களே வைத்த பெயர். 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் இதைப் பற்றியே பேசினார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவரை இரண்டு நாள் இப்படி அறைக்குள் உட்கார வைத்தார்கள். அவர் நம்பியதற்குக் காரணமே அந்தப் பெயரடைதான். “எல்லாமே டிஜிட்டல் ஆகிடுச்சு, கைதும் ஆகியிருக்கும்னு நினைச்சேன்” என்றார். அழகான தமிழில் பெயர்த்தால் கையேடு படித்தவர்களுக்குத் தமிழ்ச் சொல் தெரிந்திருக்கும். போனில் திருடன் சொல்லும்போது அடையாளம் தெரியாது. அவன் வாயில் வரும் அதே சொல்லை அப்படியே போடுங்கள்.

#19 தனித்தமிழ்த்தேனீ

இதை ஏற்கிறேன். மேற்கோள் குறிக்குள் போடவும்.

#20 வைகைக்கரை

தகவல்: கையேடு நேற்று ஒப்புதலாகி அச்சுக்குப் போனது. ‘டிஜிட்டல் கையொப்பம்’ அப்படியே, பக்கத்தில் இரண்டு வரி விளக்கத்தோடு. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மேற்கோள் குறிக்குள். ‘எண்ணிம’ 31 இடத்திலிருந்து ஓர் இடத்துக்கு வந்திருக்கிறது, கடைசிப் பக்கச் சொல்லடைவில், அடைப்புக்குள். தேனீக்காக வைத்தேன்.

சரிபார்ப்பவர் ஒரே ஒரு திருத்தம் போட்டார். ‘எண் காட்டும் தெர்மாமீட்டர்’ என்பதை அடித்துவிட்டு ‘பீப் அடிக்கும் தெர்மாமீட்டர்’.

#21 நைட்டூட்டி

😀😀

#22 சுங்குடிப்பிரியை

தலைப்பைப் பார்த்து வந்தேன், தப்பாக நினைக்க வேண்டாம். ‘டிஜிட்டல் பிரின்ட்’ சேலை என்று ஒன்று வாங்கினேன். துவைத்தால் சாயம் போகுமா?

#23 பிரஷ்காரன்

துணியைப் பொறுத்தது தங்கச்சி. முதல் தடவை தனியாக, தண்ணீரில் மட்டும் அலசுங்கள். முந்தானை ஓரத்தில் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் சொல்லுங்கள்.

#24 சுங்குடிப்பிரியை

ஒட்டுகிறது அண்ணே.

#25 பிரஷ்காரன்

அப்ப கடைக்கே திருப்பிக் கொண்டு போங்க. பில் இருக்குல்ல?

#26 சுங்குடிப்பிரியை

டிஜிட்டல் பில்தான். போனில் வந்தது.